ஓடும் வண்டிக்கு அழைக்காதீர்கள்



மொன்றியலில் நமக்குத் தெரிந்த குடும்பங்களில் ட்ரக் ஓடுகிற ஒருவராவது இருப்பார். இரவில் லோட் ஏற்றி 401 நெடுஞ்சாலையால் ரொறன்ரோ போய் வருகிறவர்கள், லகோல் எல்லை தாண்டி நியூயோர்க் பக்கம் போகிறவர்கள். ஓடும்போது அவர்களுடைய கவனம் சிதறாமல் இருப்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சாரதிகளிடம் மட்டுமல்ல, வீட்டில் இருந்து கேட்கிற உங்களிடமும்.

2018 ஏப்ரல் 6ஆம் தேதி, சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் பிரொன்கோஸ் என்ற இளையோர் ஹொக்கி அணி, ஆட்டம் ஒன்றுக்காக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. குறுக்கு வீதியால் வந்த ஒரு ட்ரக் நிற்காமல் சந்திக்குள் நுழைந்தது. மோதியதில் 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். அந்தச் சாரதி குடித்திருக்கவில்லை. ட்ரெய்லரில் பொதியை மூடியிருந்த படங்கு காற்றில் அடிபட்டுக்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் அதையே பார்த்து வந்தவருக்கு, சந்தி வருகிறது என்று எச்சரித்த பலகைகளும் தெரியவில்லை, மின்னும் விளக்கோடு நின்ற பெரிய ஸ்டொப் பலகையும் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு 8 ஆண்டு சிறை. ஓட்டப் பதிவேடுகளை ஒழுங்காகப் பேணாததற்காக நிறுவன உரிமையாளருக்கும் 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

கவனத்தைச் சிதறடிக்க ஒரு படங்கே போதும் என்றால், கைபேசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவின் வேர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் ட்ரக்குகளுக்குள் கமரா பொருத்திப் பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஓடிக்கொண்டே குறுஞ்செய்தி தட்டுகிற சாரதிக்கு, விபத்தோ மயிரிழையில் தப்புகிற நிலையோ வரும் அபாயம் 23 மடங்கு. கியூபெக்கில் கனரக ட்ரக்குகளின் உச்ச வேகம் மணிக்கு 105 கிலோமீற்றரில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தில் ஐந்து விநாடி கண்ணை எடுத்தால், சாரதி பார்க்காமலே வண்டி 145 மீற்றர் போய்விடும். இரண்டு ஹொக்கி அரங்குகளை முன்பின்னாக வைத்தாலும் அந்த நீளம் வராது.

நம்முடைய 40ஆம் நெடுஞ்சாலையின் மெற்றோபொலிற்றன் மேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றன் பின் ஒன்றாக ஏறும் வழியும் இறங்கும் வழியும். ஒதுங்கி நிற்க ஓரம் கிடையாது. சீராக ஓடிக்கொண்டிருந்த கார்களின் பிரேக் விளக்குகள் திடீரென்று வரிசையாகச் சிவக்கும். அந்த நேரம் பார்த்துச் சாரதியின் போன் அதிர்ந்து, அவர் குனிந்து பார்த்தால்? பின்னால் இருப்பது நாற்பது தொன் பாரம். நினைத்த இடத்தில் நிற்காது.

சட்டமும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. கியூபெக்கில் ஓடும்போது போனைக் கையில் எடுத்தால் முதல் தடவை 300 முதல் 600 டொலர் வரை தண்டம், கூடவே 5 குறைப்புப் புள்ளிகள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எடுத்தாலும் குற்றம்தான். இரண்டு ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் அந்த இடத்திலேயே 3 நாளுக்கு லைசன்ஸ் நிறுத்தப்படும். ஒன்ராறியோவில் முதல் தடவையே 3 நாள் நிறுத்துவார்கள். லைசன்ஸை வைத்துச் சாப்பிடுகிறவருக்கு இது சம்பளம் இல்லாத நாட்கள்.

ஆனால் தண்டம் சாரதிக்கு மட்டும்தான். ஓடிக்கொண்டிருந்தவரை அழைத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பல தடவை அது நாம்தான். “எங்க நிக்கிறியள்? எத்தனை மணிக்கு வருவியள்?” என்று அன்பாகத்தான் கேட்கிறோம். அங்கே அவருடைய கை ஸ்டியரிங்கை விட்டுப் போகிறது. மற்ற அழைப்பு நிறுவனத்தின் டிஸ்பாச் அலுவலகத்திலிருந்து வருகிறது. இன்று மாகாணம் தாண்டி ஓடும் ட்ரக்குகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதைப் பெரும்பாலும் அலுவலகத்தில் இருந்தே பார்க்க முடியும். பார்த்துவிட்டும் அழைப்பது பெரிய பிழை. அழைப்பை எடுக்காத சாரதியைக் கடிந்துகொள்வது அதைவிடப் பிழை.

சாரதிகளே, படங்கு, ஜிபிஎஸ், பாட்டு, கோப்பி எல்லாவற்றையும் புறப்பட முதலே சரிபாருங்கள். வழியில் ஏதாவது கழன்றால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். போனை ‘ஓடுகிறேன்’ என்று தானே பதில் சொல்லும்படி மாற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களே, நீண்ட ஓட்டத்தில் தனிமை கொடியது, உங்கள் குரல் அவருக்கு வேண்டும். அதனால் பேசும் நேரத்தை முதலே பேசி வையுங்கள்: வண்டியை நிறுத்தும்போது அவர் எடுப்பார். தப்பித் தவறி நீங்கள் எடுத்தால் முதல் கேள்வி, “ஓடுறியளோ, நிக்கிறியளோ?” ஓடுகிறார் என்றால் அந்தக் கணமே வைத்துவிடுங்கள். சண்டையும் கவலையும் கடன் கணக்கும் அவர் நிற்கும்வரை பொறுக்கும். வீதியில் அவரோடு போகிற மற்றவர்களின் உயிரும் அந்தப் பொறுமையில்தான் தங்கியிருக்கிறது.