மின்சார வாத்தியமும் மனிதக் கையும்

(ஆலைத் தொழிலாளர் கலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டரைத் திறந்து, பொத்தானை அமுக்கிவிட்டு, மேடையில் தலையாட்டி நிற்கும் கச்சேரிகளை இன்று பார்க்கிறோம். யந்திரமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. யந்திரம் யாருக்குக் கட்டுப்பட்டது என்பதே கேள்வி.

1920-ம் ஆண்டுவாக்கில் பெத்ரோகிராத் நகரில் தெரெமின் என்ற விஞ்ஞானி ஒரு மின்சார வாத்தியம் கண்டுபிடித்தார். அதைத் தொடவே வேண்டியதில்லை. நட்டு நிற்கும் கம்பியருகே வலது கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். பக்கத்து வளையத்தை நோக்கி இடது கையைத் தாழ்த்தினால் ஓசை அடங்கும். 1922-ல் கிரெம்ளினில் லெனின் முன்னால் வாசித்துக் காட்டினார். லெனினும் வாசித்துப் பார்த்தார்.

1929-ல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனி இதை விற்கக் கிளம்பியது. சீட்டியடிக்கத் தெரிந்தவன் எவனும் வாசிக்கலாம் என்று விளம்பரம்! செய்தது சுமார் 500 கருவிகள். வியாபாரம் படுத்தது. அவ்வாண்டு வெடித்த பொருளாதார நெருக்கடி ஒரு காரணம். இன்னொன்று, விளம்பரம் பொய். வீணைக்குள்ள மெட்டுகள் இதில் இல்லை, ஆர்மோனியக் கட்டைகளும் இல்லை. விரல் நெல்லளவு நகர்ந்தாலும் சுருதி விலகிவிடும். உடம்பு ஆடினாலும் அதே கதிதான். தேர்ச்சி தேவையில்லை என்று முதலாளி சொல்லும்போது நம் ஸ்பின்னிங் தோழர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கருவிக்கு உயிர் கொடுத்தவர் கிளாரா ராக்மோர். 1911-ல் வில்னாவில் பிறந்தவர். குழந்தையிலேயே வயலின் மேதை. சிறுவயதுப் பட்டினியால் எலும்பு நலிந்து, வயலினைக் கைவிட நேர்ந்தது. வயலினில் பெற்ற காதோடு இதற்கு வந்தார். வெறுங்காற்றில் விரல் வைக்கும் முறை வகுத்தார். அத்தோடு நிற்கவில்லை. தெரெமினிடமே குறைகளைச் சொன்னார்: மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும், ஓசை நினைத்த கணத்தில் அறுபட வேண்டும், என் முகத்தை மறைக்காதபடி பெட்டி தணிய வேண்டும். விஞ்ஞானி அப்படியே திருத்திக் கொடுத்தார். வாசிப்பவர் சொல்ல, கருவி மாறியது! பால் ராப்சனுடன் ஊர் ஊராகச் சென்று கிளாரா வாசித்தார்.

1938-ல் சோவியத் நாடு திரும்பிய தெரெமின் மறு ஆண்டே கைதாகிச் சிறைப்பட்டார். அந்த அநியாயத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

கிளாராவின் இசைத்தட்டு 1977-ல் வந்தது. பியானோ, அவர் அக்காள் நாதியா. தயாரித்தவர் சிந்தசைசர் புகழ் ராபர்ட் மூக். பள்ளிப் பருவத்திலேயே தெரெமின் கருவிகள் செய்து பழகியவர். அந்தப் பதிவைக் கொண்டுவந்திருக்கிறோம். பேச்சு போதும், கேட்போம்.