சிறு பணத்தில் நல்ல கணினி
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடைகளில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். பள்ளி வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அப்பெருமையைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே இன்று ஒரு நடைமுறைச் செய்தியைப் பேச எண்ணுகின்றோம். நமது மாலைப் படிப்பகத்திற்கு ஒரு மேசைக் கணினி வாங்கச் சங்கம் 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கின்றது. அத்தொகையை எப்படிச் செலவிடுவது என்பதே நம் பேச்சின் பொருள்.

இது சிறிய செய்தி என்று எவரும் கருத வேண்டா. நடவுக்கும் அறுப்புக்கும் சென்ற தாய்மார்களும், சித்தாள் வேலைக்குச் சென்ற சகோதரிகளும் மாதந்தோறும் கொடுத்த சந்தாப் பணம் அது. அதில் ஒரு பெட்டியை வாங்கி, அப்பெட்டி ஓராண்டில் பழுதாகுமானால், இன்னொன்று வாங்க எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்! அதுவரை நம் பிள்ளைகள் ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் காசு கொடுத்து வெளிக்கடையில் வரிசையில் நிற்க வேண்டும். வசதி படைத்தோர் தவறாக வாங்கினால் மாற்றி வாங்கிக்கொள்வர். நமக்கு முதல் தேர்விலேயே தேற வேண்டிய கட்டாயம் உண்டு.

பணம் குறைவு என்பதனால் தரமும் குறைவாக வேண்டுமா? 1907-ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஓர் இதழைத் தொடங்கி, அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். விலையே பெயராயிற்று. விலை சிறியது; உள்ளிருந்த சிந்தனை பெரியது. அந்த வழி நமக்குப் புதியதன்று.

முதலில் வேலையைத் தீர்மானித்த பின்னரே பொருளைத் தேட வேண்டும். படிப்பகத்தில் என்ன செய்யப் போகின்றோம்? கல்வி உதவித்தொகைக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் விண்ணப்பித்தல், தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சுப் பழகுதல், கணக்கு அட்டவணை தயாரித்தல், காணொளிப் பாடங்களைப் பார்த்தல், பைத்தான் போன்ற நிரல்மொழியைக் கற்றல். இவற்றுள் எதற்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுவதில்லை. அதனை விட்டாலே பெருந்தொகை மிச்சமாகும். ஆனால் அப்போது படம் காட்டும் திறன் பிராசசருக்குள்ளேயே இருக்க வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் ஐ3 12100 என்னும் பிராசசரில் அத்திறன் உண்டு. அதே எண்ணின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்திருந்தால் அத்திறன் இல்லை. விலை குறைகின்றது என்று அதனை வாங்கினால், தனி கார்டு வாங்கும் வரையில் மானிட்டரில் படமே வாராது. ஓர் எழுத்தைக் கவனியாமல் விடுவதன் விலை அது.

அடுத்ததாக, பெயரைக் கண்டு மயங்காதிருக்க வேண்டும். ‘ஐ7 மெஷின், குறைந்த விலை’ என்று கடையில் சொல்லுவர். எந்த ஆண்டின் ஐ7 என்று கேளுங்கள். 2011-இல் வந்த ஐ7 2600-க்கு நான்கு கோர்கள், எட்டுத் திரெட்டுகள். 2022-இல் வந்த ஐ3 12100-க்கும் அதே நான்கும் எட்டுந்தான். ஆயினும் புதிய ஐ3 வேகத்தில் பழைய ஐ7-ஐ வெகுவாக முந்துகின்றது. மின்சாரமும் குறைவாகவே கொள்கின்றது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி, ஆறு கோர்களுடன் 2021-இல் வந்தது. அதற்குள்ளும் படம் காட்டும் திறன் உண்டு. இவ்விரண்டில் வாங்கும் நாளில் எது மலிவோ அது நமக்குப் போதும்.

இனி, எதில் சிக்கனம், எதில் கண்டிப்பு? வீடு கட்டுவோர் அஸ்திவாரத்தில் சிக்கனம் பார்ப்பதில்லை. வெள்ளையடிப்பதை அடுத்த பொங்கலுக்குத் தள்ளிவைப்பர். அதுவே நம் விதி. பின்னர் சேர்க்கக்கூடியதில் இன்று குறைத்துக்கொள்ளலாம். கெட்டால் மற்றவற்றையும் கெடுக்கக்கூடியதில் குறைக்கலாகாது.

ராம் பின்னர் சேர்க்கக்கூடியது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் அதன் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் பேரளவில் வாங்கியமையே அதற்குப் பெருங்காரணம். ஆகவே இப்போது 8 ஜி.பி. ஒன்றை மட்டும் பொருத்தி, மதர்போர்டில் இரண்டாம் இடத்தைக் காலியாக வைப்போம். பணம் சேர்ந்தபின் அதே வகையில் மற்றொன்றைச் சேர்த்தால் 16 ஜி.பி. ஆவதோடு, இரண்டும் இணைந்து உழைப்பதால் வேகமும் கூடும். ஆனால் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்னும் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. மதர்போர்டு எதனை ஏற்கும் என்று பார்த்த பின்னரே ராமைக் கேட்க வேண்டும்.

சேமிப்பிற்கு எஸ்.எஸ்.டி. வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கில் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை தட்டு சுழன்று, ஊசி போன்ற ஒரு கை தேடிச்சென்று படிக்கின்றது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. ஒரே விலையில் அளவு குறைந்தாலும் எஸ்.எஸ்.டி.யே மேல். ஒரு மணிநேரம் மட்டுமே கணினி கிடைக்கும் பிள்ளைக்கு, அது திறப்பதற்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடமும் பெரிய இழப்பேயாகும்.

கண்டிப்பு வேண்டிய இடம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி. இதனை நாம் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கேபினட்டுடன் இலவசமாகவே மின்பெட்டியும் வருகின்றது என்றனர், மகிழ்ந்து வாங்கினோம். உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி வாரம். ஒரு மாலை மின்னழுத்தம் ஏறி இறங்கியது, புகை வந்தது, மதர்போர்டும் உடன் கருகியது. எழுதி முடியாத விண்ணப்பங்களுடன் பதினோரு பிள்ளைகள் நம் முகத்தையே பார்த்து நின்றனர். இலவசமாக வந்த பொருளுக்கு நாம் கொடுத்த விலை அது. பெட்டியின்மேல் 450 வாட் என்று எழுதியிருப்பது போதாது. 80 பிளஸ் சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் மின்பெட்டியையே வாங்க வேண்டும். அத்துடன் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றும் தேவை, எழுதியதைச் சேமித்து முறையாக நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் அது தரும். படிப்பகத்தின் பிளக் பாயிண்டுக்கு எர்த் உண்டா என்பதையும் முன்னரே எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். அலுவலகங்கள் கழித்த பழைய கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றனவே, வாங்கினால் என்ன? இக்கேள்வி நம் மக்களின் உள்ளத்தைத் தொடுவது. பிறர் உடுத்துக் கழித்த துணியையும், உண்டு மிஞ்சிய சோற்றையும் கைநீட்டி வாங்கச் செய்யப்பட்டவர்கள் நம் முன்னோர். கழித்த கணினியும் அவ்வாறானதுதானோ என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. எம் கருத்து யாதெனில், இழிவு பழமையில் இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை இன்றி, தருவதை வாங்கிக்கொள்வதில் இருக்கின்றது. சோதித்து, விலை பேசி, ரசீது பெற்று வாங்குவது வணிகம். அதில் தலைகுனிய ஏதுமில்லை. எனினும் ஒன்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க இன்டெல் பிராசசராயின் பொதுவாக எட்டாம் தலைமுறையேனும் வேண்டும். அதற்கு முந்தையதை ‘நன்கொடை’ என்று எவரேனும் தந்தால், லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்த இயலுமா என்று பார்த்து ஏற்கலாம். இயலாவிடில் நன்றி கூறி மறுக்கலாம். மறுக்கவும் அறிவு வேண்டும்.

புதிய கணினியிலும் திருட்டு விண்டோஸ் வேண்டா. லினக்ஸுக்கு விலையில்லை, கேரள அரசுப் பள்ளிகள் அத்தகைய கட்டற்ற மென்பொருளிலேயே பாடம் நடத்துகின்றன. தமிழ் எழுதவும் கணக்கிடவும் லிப்ரே ஆபீஸ் போதும்.

இளைஞர்களே, நிறைவாக உங்களிடம் ஒரு பணியை ஒப்படைக்கின்றோம். சென்னை ரிச்சி தெருவிலும் நம் மாவட்டத் தலைநகரிலுமாக மூன்று கடைகளில் விலைப்பட்டியல் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பொருளின் முழு எண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும்; ‘ஐ3 செட்’ என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். சங்கத்தின் பெயரில் ரசீது பெறுங்கள். பொருள்களைத் தனித்தனியாகக் கொண்டுவந்து படிப்பகத்திலேயே பொருத்துங்கள். பொருத்துவோருள் பாதிப்பேர் பெண் பிள்ளைகளாக இருக்கட்டும்.

கடைக்காரரே பொருத்தித் தருவாரே என்பீர். தருவார். ஆனால் உள்ளே இருப்பதை அறியாதவன், பெட்டி நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டும். நாம் வாசல்களில் நின்றது போதும். பெட்டியின் மூடியை ஒருமுறை தம் கையால் திறந்து மூடிய பிள்ளை, பழுது வந்தால் அஞ்சாது. பிறர் சொல்லும் விலைக்கும் மயங்காது. 40,000 ரூபாயில் ஒரு கணினி மட்டுமே கிடைக்கும். அதனை நாமே கூட்டினால், கணினி அறிந்த பத்துப் பிள்ளைகளும் நமக்குக் கிடைப்பர்.