பெருநாள் உணவும் உடலின் உரிமையும்



ரமழான் மாதம் முழுவதும் பகற்பொழுதில் நமது வாய்க்கும் வயிற்றுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஷவ்வால் தலைப்பிறை தென்பட்டதும் அக்கட்டுப்பாடு நீங்குகின்றது. மறுநாள் காலையில் வீடெங்கும் வட்டிலப்பத்தின் ஏலக்காய் மணம். பகலில் ஸஹனைச் சூழ்ந்திருந்து உண்ணும் புரியாணி. மாலையில் உறவினர் வீடுதோறும் மஸ்கட், தொதல், குளிர்பானம். இம்மகிழ்ச்சியை எவ்வாறு அனுபவிப்பது, எங்கே நிறுத்துவது, எப்போது ஓய்வெடுப்பது என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். பெருநாளில் உண்டு மகிழ்வது குற்றமன்று. இரு பெருநாள் தினங்களிலும் நோன்பு நோற்பதை மார்க்கம் தடுத்துள்ளது. நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் நபி (ஸல்) அவர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பேரீச்சம்பழங்களை உண்டுவிட்டே சென்றார்கள். ஆகவே, உடல் பருத்துவிடும் என்று அஞ்சிப் பெருநாளன்று பட்டினி கிடக்கும் யுவதியும், மூன்று நாட்கள் மூக்குமுட்ட உண்டுவிட்டு நான்காம் நாள் தன்னைத்தானே நொந்துகொண்டு உணவை அடியோடு ஒதுக்கும் இளைஞனும் நடுநிலையை விட்டு விலகியவர்களே.

ஆனால், அனுமதிக்கப்பட்டது என்பதால் எல்லையற்றது என்று பொருளாகாது. உண்ணுங்கள், பருகுங்கள் என்ற அனுமதியையும், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற எச்சரிக்கையையும் அல்குர்ஆன் ஒரே வசனத்தில் இணைத்தே கூறுகின்றது. வயிற்றின் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கு, ஒரு பகுதி நீருக்கு, ஒரு பகுதி மூச்சுக்கு என்ற அளவையும் நபியவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள்.

இந்த அளவுகோலை நமது பெருநாள் மேசையில் வைத்துப் பாருங்கள். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி ஆகியவற்றால் ஆன வட்டிலப்பம் சுவையும் சத்தும் நிறைந்தது. ஆயினும் கருப்பட்டியில் சேர்ந்ததால் இனிப்பு தீங்கற்றதாகிவிடும் என்று எண்ணுவது தவறு. அதுவும் சீனியே. ஒரு நாளைக்கு உணவில் சேர்க்கப்படும் சீனி ஏறக்குறைய 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது மேலும் நன்மை தரும் என உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டு தெரிவித்தது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள குளிர்பானத்தை 400 மில்லிலீற்றர் பருகும் பிள்ளையின் உடலில் 40 கிராம் சீனி சேர்கின்றது. வட்டிலப்பத்தைத் தொடுமுன்னரே எல்லை கடந்துவிடுகின்றது! நமது நாட்டில் 2016 ஆம் ஆண்டு முதல் குளிர்பானங்களின் மீது சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியீடுகள் இடப்படுகின்றன. வாங்குமுன் அதைப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுங்கள்.

அடுத்து, நமது விருந்தோம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இன்னும் கொஞ்சம் வையுங்க, பெருநாள்தானே" என்று நாம் அன்போடு வற்புறுத்துகின்றோம். வேண்டாம் என்று சொன்னால் வீட்டார் மனம் நோகும் என எண்ணி, நீரிழிவு நோயுள்ள வாப்பா ஆறு வீடுகளில் ஆறு துண்டு வட்டிலப்பம் உண்கின்றார். அன்று அவரை யாரும் தடுப்பதில்லை. பின்னர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்பவர்கள் மட்டும் நாமே. இலங்கையின் வளர்ந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ உடையவர் என 2008 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அப்படியாயின், நம் வாசலுக்கு வரும் விருந்தாளிகளிலும் அத்தகையோர் இருப்பர். ஒருமுறை உபசரிப்பது அன்பு. மறுத்த பின்னரும் தட்டில் வைப்பது அன்பாகாது. இனிப்புடன் ஒரு தட்டில் பப்பாசியோ கொய்யாவோ, சீனியில்லாத தேநீரோ வையுங்கள். நோன்பு காலத்தில் மாற்றியமைத்த மருந்து நேரங்களைப் பெருநாள் முதல் எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதையும் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்பார்ந்த நேயர்களே! உணவைப் போலவே ஓய்வுக்கும் ஓர் அளவு உண்டு. ஸல்மான் (ரழி) அவர்களையும் அபுத்தர்தா (ரழி) அவர்களையும் நபியவர்கள் சகோதரர்களாக இணைத்திருந்தார்கள். ஒருநாள் ஸல்மான் தம் சகோதரரின் இல்லம் சென்றபோது, அவரது மனைவி தம்மைக் கவனியாத தோற்றத்தில் இருக்கக் கண்டார். அபுத்தர்தா பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் வணக்கத்திலும் கழிப்பவர். ஸல்மான் அவரைத் தம்முடன் உண்ணச் செய்தார். இரவில் அவர் எழ முயன்றபோதெல்லாம் உறங்கச் சொன்னார். இரவின் இறுதிப் பகுதியில் இருவரும் எழுந்து தொழுதனர். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்தாருக்கும் உரிய உரிமைகளை வழங்குமாறு ஸல்மான் அறிவுறுத்தினார். இதைக் கேள்வியுற்ற நபியவர்கள், ஸல்மான் உண்மையே உரைத்தார் என உறுதிப்படுத்தினார்கள்.

வணக்கத்துக்காகவே உறக்கத்தை இழந்தவருக்கு இந்தப் போதனை என்றால், கைத்தொலைபேசிக்காக உறக்கத்தை இழக்கும் நமது இளைஞரின் நிலை என்ன? பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பர் உறக்கவியல் வைத்தியர்கள். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடுகின்றது. போதும் என்று உணர்த்தும் ஹோர்மோன் குறைகின்றது. எனவே, கண்விழித்தவன் மறுநாள் இனிப்பையும் பொரித்ததையும் தேடுவான். ஸஹருக்கு எழுந்தும் தராவீஹ் தொழுதும் உறக்கம் குறைந்திருக்கும் உடலுக்குப் பெருநாள் விடுமுறை ஒரு வாய்ப்பாகும். இஷாவுக்குப் பின் விரைவாக உறங்கி ஸுப்ஹுக்கு எழும் ஒழுங்கை அந்நாட்களிலேயே மீட்டுக்கொள்ளுங்கள். பகலுணவு வேளையை ஒட்டிச் சிறிது கண்ணயரும் கைலூலாவும் நபிவழியில் உள்ளதே.

இன்னுமொன்று. ஸல்மான் அவ்வீட்டில் முதலில் கவனித்தது ஒரு பெண்ணின் நிலையை. நமது வீட்டில் அதைக் கவனிப்பவர் யார்? ரமழான் முழுவதும் சஹருக்கு முதலில் எழுந்தவரும், அஸர் முதல் கஞ்சிக்கும் கட்லட்டுக்கும் அடுப்படியில் நின்றவரும், பெருநாள் இரவு உறங்காதவரும் உம்மாவே. எல்லோரும் உண்டு உறங்கும்போது அவர் ஸஹன் கழுவுகின்றார். இளைஞனே! இப்பெருநாளில் அந்தப் பாத்திரங்களை நீ கழுவு. கணவரே! பகலுணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது மனைவியை உறங்க விடுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு ஓய்வைக் கற்பிக்க விரும்பினால், நீங்கள் ஓய்வெடுப்பதை அவர்கள் காணட்டும். ஓய்வு சோம்பேறித்தனமன்று; அடுத்த கடமைக்கான ஆயத்தமாகும்.

அளவோடு உண்டு, அயலவரோடு பகிர்ந்து, உடலுக்கும் குடும்பத்துக்கும் உரியதைக் கொடுத்து வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.