வீடு கொடுப்போர் யார்?

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருச்சி ஜங்ஷனிலும், சத்திரம் பேருந்து நிலையத்திலும், ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையிலும் தமக்குத் தாமே பேசிக்கொண்டு அலைகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சோற்றுப் பொட்டலம் கொடுத்திருக்கிறோம். நல்லதுதான். இரவு எங்கே படுப்பார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள் அதைக் கேட்டார்கள். தெருவில் கிடந்த மனநோயுற்ற பெண்களுக்காக 'தி பானியன்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மருந்தும் பராமரிப்பும் கிடைக்கவே பலர் ஊரையும் பேரையும் சொல்லி, சொந்த வீடு போய்ச் சேர்ந்தனர். போக வீடில்லாதவர்கள்? தேறிய பின்பும் விடுதியிலேயே வருடக்கணக்கில் தங்க நேர்ந்தது.

இவர்களுக்காகவே 2015-ல் 'ஹோம் அகெய்ன்' பிறந்தது. முறை மிக எளிது. சாதாரணத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். நான்கைந்து பேர் ஒரு குடும்பம் போல் வாழ்கிறார்கள். துணைக்கு ஓர் உதவியாளர். மருந்து தவறுவதில்லை. இன்றைக்குப் புளிக்குழம்பா, ரசமா என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். சிறிய காரியமாகத் தோன்றலாம். பல வருடம் வரிசையில் தட்டேந்தி நின்றவருக்கு அது சிறிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இதை நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டுண்டு தீயில் மாண்ட 28 பேரை நாம் மறக்கவில்லை. குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் மனநல விடுதியிலேயே வைத்திருக்கக் கூடாதென்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் வீட்டுச் சாவியைத் தராதே!

பெல்ஜியம் நாட்டின் கீல் ஊராரைப் பாருங்கள். மனநோயாளரின் பாதுகாவலியான புனித திம்ப்னாவின் ஆலயத்துக்கு வந்த நோயாளிகளை, பல நூற்றாண்டுகளாகத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்து வருகிறார்கள். அவர்கள் மருத்துவம் படித்தவர்களல்லர். நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள்.

நம்மில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர்கள் அநேகர். ஜாதி கேட்போம், சைவமா அசைவமா கேட்போம். தண்ணீர் மோட்டாருக்கும் கணக்குப் பார்ப்போம். "இரவில் சத்தம் போட்டால்? மருந்தை நிறுத்திவிட்டால்?" என்பீர்கள். நியாயமான கேள்விகள். உதவியாளர் கூடவே இருப்பார். நம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனையும் உண்டு. வாடகையும் சும்மா கேட்கவில்லை, மாதாமாதம் கொடுக்கத்தான் போகிறார்கள். இரண்டு அறையும் கிணற்றடியும் உள்ள வீடு யாரிடமேனும் காலியாக இருந்தால், கூட்டம் கலையுமுன் பங்குப் பேரவைச் செயலரிடம் பெயரைக் கொடுங்கள்.