தாய்ப்பாலில் வாழும் நல்லுயிர்கள்
(எமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பால் தயிராவது எங்ஙனம்? மூதூர்ப் பகுதியிற் பிறந்த எவரும் விடை கூறுவர். காய்ச்சி ஆறிய பாலில் உறைமோர் இட்டால் மறுநாட் காலை சட்டியிலே தயிர் உறைந்திருக்கும். அதைச் செய்பவை உறைமோரில் வாழும் பற்றீரியாக்கள். பற்றீரியா என்றதும் நோயென்று அஞ்சுகிறோம். ஆனால் அவற்றுள் பகையும் உண்டு, உறவும் உண்டு. அவ்வுறவுகள் தாய்ப்பாலிலும் வாழ்கின்றன என்பதையே இன்று கூற வந்தோம்.

பாரிசிலே பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி திசியே என்பார், தாய்ப்பால் உண்ட குழந்தைகளின் மலத்தில் கிளைத்த வடிவுடைய பற்றீரியாவை 1899இல் கண்டார். அதுவே இன்று பிபிடோபற்றீரியா எனப்படுவது. எனினும், தாய்ப்பாலில் நுண்ணுயிரே இல்லையென்று நெடுங்காலம் எண்ணினர். 2003இல் ஸ்பானிய ஆய்வாளர் நலமுள்ள தாய்மாரின் பாலிலேயே லக்டோபசிலஸ் முதலியவற்றைக் கண்டறிந்தனர்.

பாலில் வித்து மட்டுமன்று, உரமும் உண்டு. குழந்தைக்குச் செரியாத சர்க்கரைப் பொருள்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அதில் உள்ளன. செரியாத உணவு எதற்கு? அது குடலிலுள்ள நல்லுயிர்களுக்கு உணவு! அவை அதனை உண்டு அமிலம் சுரக்கின்றன. அந்த அமிலத்தில் நோய்க்கிருமிகள் தழைப்பது அரிது.

நல்லுயிரின் ஆற்றலுக்கு ஒரு சான்று: ஒடிசா மாநிலக் கிராமங்களிலே 4,556 பச்சிளங் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. நல்ல பற்றீரியாவையும் அதற்குரிய சர்க்கரையையும் வாய்வழி ஊட்டிய குழந்தைகளுள் குருதித் தொற்றோ மரணமோ கண்டோர் நூற்றுக்கு 5.4, ஊட்டப்படாதோருள் 9.

ஆகவே, மஞ்சள் நிற முதற்பாலைப் பீச்சி எறிந்து சீனித்தண்ணீரோ தேனோ கொடுப்பது விதைநெல்லை ஆற்றிலே கொட்டுவதாகும். காப்புப் பொருளும் அச்சர்க்கரைகளும் முதற்பாலிலேதான் மிகுதி.

2006இல் எம் ஊரார் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி முதலிய முகாம்களிலே எம் தம்பி தங்கையர் பலர் பிறந்தனர். நீருக்கு வரிசையில் நிற்கும் இடத்திற் போத்தற்பால் எத்துணை ஆபத்து! அங்கே முலையூட்டிய அன்னையர் உணவோடு காவலையும் ஊட்டினர். அவர்களை வணங்குகிறோம்.

2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே உண்டனர். பெருமைதான், எஞ்சிய 18 பேரையும் நினைப்போம். பிறந்த ஒரு மணி நேரத்துள் பாலூட்டலைத் தொடங்குக. ஆறு மாதம் வரை நீரும் வேண்டா. பின்னர் ஏனைய உணவோடு இரண்டாண்டும் அதற்கு மேலும் ஊட்டுக. பால் போதாத தாயைப் பழியாது, குடும்பநல உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்க.

இளைஞர்களே, இது பெண்கள் காரியமென்று ஒதுங்காதீர்! பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீர் அள்ளுவதும் அடுப்பு மூட்டுவதும் நம் கடனாகட்டும். தாய்க்கு ஓய்வு கிடைத்தாற் சேய்க்குப் பால் கிடைக்கும்.