டேவ் டிஏசியும் என் மல்டிமீட்டரும்

போன வாரம் சொன்னபடி, இன்னைக்கு கார்ட் எலெக்ட்ரானிக்ஸோட டேவ். இங்கிலாந்துத் தயாரிப்பு, 2015-ல வந்தது.

சிடியில வினாடிக்கு 44,100 மாதிரிகள்தான் இருக்கு. ரெண்டு மாதிரிக்கு நடுவுல அலை எப்படிப் போச்சுன்னு கணக்குப் போட்டு நிரப்பணும். வழக்கமா கடையில கிடைக்கிற டிஏசி சிப்பே இதைச் செய்யும். டேவ்ல அந்தச் சிப் கிடையாது. எஃப்பிஜிஏ-ல ராப் வாட்ஸ் எழுதின ஃபில்டர், 1,64,000 டேப் நீளம்.

நண்பர் வீட்டுல கேட்டப்ப, மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் தனியா எழுந்து நின்னுச்சு. என் பழைய டிஏசியை வித்துடலாம்னே முடிவு பண்ணிட்டேன். (சிரிப்பு)

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். டேவ்ல வோல்ட்டேஜ் கூட. சத்தம் லேசாக் கூடினாலே காது அதைத் தெளிவுன்னு எடுத்துக்கும். சமப்படுத்திட்டு, எது ஓடுதுன்னு சொல்லாம நண்பரை மாத்தி மாத்திப் போடச் சொன்னேன். 10-ல 6 சரி. காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும்!

வித்தியாசமே இல்லைன்னு சொல்லல. 10 தடவை பத்தாது. ஆனா ஒரு சின்னக் கார் விலையைக் கொடுக்க எனக்கு மனசு வரல. இப்போதைக்கு ஜன்னலுக்குக் கனமான திரை தைக்கக் கொடுத்திருக்கேன்.