பெயர் சொல்லாத பிள்ளை: ஆட்டிசமும் குற்றவியல் நீதியும்



2010 மே 24, காலை நேரம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஸ்டாஃபர்ட் வட்டாரத்தில், 18 வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் வீட்டிலிருந்து நடந்தே நூலகத்துக்கு வந்தான். கதவு திறந்திருக்கவில்லை. வெளியே புல்தரையில் உட்கார்ந்தான். சந்தேகத்துக்கு இடமாக ஒருவன் இருக்கிறான், துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று காவல்துறைக்குத் தகவல் போனது. தோல் நிறம் வேறாக இருந்திருந்தால் அந்தத் தகவலே போயிருக்காது என்பது என் எண்ணம். வந்த அதிகாரி துப்பாக்கி எதையும் காணவில்லை. பெயரைக் கேட்டார். பையன் சொல்லவில்லை, எழுந்து போகப் பார்த்தான். அவர் பிடித்து நிறுத்தினார். கைகலப்பில் அதிகாரிக்குப் பலத்த காயம்.

பையனுக்கு ஆட்டிசம். அவன் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. முழு மன்னிப்புப் பெற்றவரின் பெயரை வழக்கோடு ஒட்டவைத்துக்கொண்டே இருப்பது முறையல்ல.

மறு ஆண்டு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அதில் 8 ஆண்டை நிறுத்திவைத்தார்கள். கொடுமை அதற்குப் பிறகுதான். வெளியே வந்து பராமரிப்பு இல்லத்தில் இருந்தபோது தற்கொலை எண்ணத்தில் தவித்தான். அங்கேயும் போலீஸ்தான் வந்தது, அங்கேயும் கைகலப்பு. மறுபடி சிறை, தனிமைச் சிறை, சிறைக் காவலரோடு மோதியதாக இன்னொரு வழக்கு. 2015 ஜனவரியில் ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் நிபந்தனையோடு மன்னித்து ஃபுளோரிடாவில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார். முழு மன்னிப்பு 2021 ஜூனில், ஆளுநர் ரால்ஃப் நார்த்தம் கையால் கிடைத்தது. நூலக வாசலில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்குப் பதினோரு ஆண்டு.

வர்ஜீனியாவில் இப்படிப்பட்டவர்களுக்கு 1985 தீர்ப்பொன்று வழிமறித்து நின்றது. சித்தம் கலங்கியவர் என்று வாதாடினாலொழிய, குற்ற நோக்கம் இல்லை என்று காட்ட மனநிலைச் சான்றைக் கொண்டுவர முடியாது என்றது அது. 2021இல்தான் ஆட்டிசத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்துச் சட்டம் திருத்தினார்கள்.

நம் ஊருக்கு வருவோம். கண்ணைப் பார்த்துப் பேசாதவன், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்பவன், தோளில் கை வைத்தால் உதறுபவன் – காவல் நிலையத்தில் இவனுக்கு ஒரே பெயர்: திமிர் பிடித்தவன். இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். "நீதானே எடுத்தே?" "எடுத்தே." முடிந்தது, ஒப்புக்கொண்டான் என்று எழுதிவிடுவார்கள். போலீசிடம் தந்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது, உண்மை. ஆனால் அதை நம்பித் தொடங்கும் வழக்கு ஓடத்தானே செய்கிறது?

2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 16 வயது நிரம்பியவர்மீது கொடுங்குற்றச்சாட்டு வந்தால், அவரைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும் என்கிறது. செயலின் விளைவை உணரும் திறன் இருந்ததா என்பது அதில் ஒரு கேள்வி. ஆட்டிசம் இருந்தும் கணக்கில் நூறு வாங்கும் பிள்ளைக்கு இந்த மதிப்பீடு பெரிய பொறி. அறிவு கூர்மையாக இருக்கும். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது பிடிபடாது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால், நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. ஆட்டிசத்தோடு பழகிய நிபுணர் வேண்டும் என்று கேட்பது நம் வேலை.

பெற்றோர்களே, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் ஒன்று பிள்ளையின் பையில் எப்போதும் இருக்கட்டும். உங்கள் காவல் நிலையத்தின் குழந்தைகள் நல அலுவலரிடம் இப்போதே பிள்ளையை ஒருமுறை அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். வழக்கறிஞர் நண்பர்களே, மருத்துவச் சான்றைத் தண்டனைக் குறைப்பு வாதத்துக்கென்று எடுத்துவைக்காதீர்கள்; குழுமத்தின் முன் நிற்கும் முதல் நாளே தாக்கல் செய்யுங்கள்.